அஷ்டமி, நவமி: நிலாவுக்கு நல்ல நாள்

ஒரு சிறிய தொலைநோக்கி, ஒரு கைபேசி, ஒரு கொல்லைப்புறம். நிலாவின் கிண்ணக்குழிகளைப் படம்பிடிக்க ஆலங்குடி போன்ற ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

தினசரி காலண்டரில் அஷ்டமி, நவமி என்று போட்டிருந்தால் நல்ல காரியத்தைத் தள்ளிவைப்பது நம் வீடுகளில் வழக்கம். நிலாவைப் படமெடுக்கிறவர்களின் கணக்கு வேறு. வளர்பிறையில் வரும் அந்த இரண்டு நாள்களுக்காகத்தான் அவர்கள் மாதம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அரை நிலா உயரத்தில் நிற்கும். வெளிச்சமும் இருளும் பிரிகிற கோட்டை ஒட்டி மலைகளும் பள்ளங்களும் நிழலோடு எழுந்து நிற்கும். நான்கரை அங்குலக் கண்ணாடி கொண்ட சாதாரணத் தொலைநோக்கியில் கைபேசியைப் பொருத்தினால் போதும், சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கும் அந்தத் தரை உங்கள் கைக்குள் வந்துவிடும்.

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 20 கி.மீ. போனால் ஆலங்குடி. நாமபுரீஸ்வரர் கோயில் இருக்கும் பேரூர். சுற்றிலும் செம்மண் பூமி. தென்னை, பலா, வாழை, மல்லிகைத் தோட்டங்கள். உளுந்து ரகங்களுக்குப் பேர்போன வம்பன் ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே. வானியல் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வரும், அல்லது ஜவ்வாது மலையில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் காவலூர் நினைவுக்கு வரும். மலை ஏறினால்தான் வானம் கிடைக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பொறுத்தவரை அது சரி. நிலாவுக்கு அது பொருந்தாது. நிலா சூரிய ஒளியில் பளிச்சென்று தெரிவது. தெருவிளக்குக்குக் கீழே நின்றும் அதன் பள்ளங்களைப் படமெடுக்கலாம். சொல்லப்போனால், இந்த ஊருக்கு வாய்த்திருக்கும் சில வசதிகள் லண்டனில் லட்சக்கணக்கில் செலவழித்துத் தொலைநோக்கி வாங்கியவருக்குக்கூடக் கிடையாது.

நிழல் இல்லாவிட்டால் படம் இல்லை

நிலாவைப் படமெடுக்க முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பார்கள். அது தவறான நாள். பௌர்ணமியன்று சூரிய ஒளி நம் முதுகுப் பக்கமிருந்து நேராக நிலாவின் மேல் விழுகிறது. பள்ளத்துக்குள்ளும் வெளிச்சம், மேட்டின் மேலும் வெளிச்சம். நிழலே இல்லாததால் மேடு பள்ளம் தெரியாமல், வெள்ளைத் தகட்டில் சாம்பல் திட்டுகளாகத்தான் நிலா படத்தில் விழும். டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து நாலாபுறமும் தெறித்துப் பரவிய வெண்கதிர்களைப் பார்க்க மட்டுமே பௌர்ணமி உகந்தது.

பள்ளம் பள்ளமாகத் தெரிய வேண்டுமானால் அங்கே சூரியன் அப்போதுதான் உதித்திருக்க வேண்டும். நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறக்குறைய 15 நாள். சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும் நேரமும் அதனால் நீளம். இரண்டாயிரம் மீட்டர் உயர மலைகூட அப்போது பல கிலோமீட்டர் நீள நிழலை வீசுகிறது. வட்டமான கரைச்சுவரின் ஒரு பக்கம் பளீரென்று எரிய, மறுபக்கம் கரிய நிழலில் மூழ்கியிருக்கும். நிலாவில் காற்று இல்லாததால் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே மங்கல் கிடையாது. கத்தியால் வெட்டிய ஓரம்.

சில பெரிய பள்ளங்களின் நடுவே ஒரு மலை நிற்கும். விண்கல் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, தன்னைவிடப் பல மடங்கு அகலமான குழியைத் தோண்டுகிறது. அமுங்கிய பாறைத்தரை அடுத்த சில நிமிடங்களுக்குள் எழும்பி அப்படியே உறைந்துபோகிறது. தண்ணீரில் துளி விழுந்தால் நடுவில் ஒரு கணம் எழும்பி நிற்குமே, அதுபோல. டைக்கோவின் நடுமலை தரையிலிருந்து சுமார் 2 கி.மீ. உயரம். அதன் கரைச்சுவர் சூழ்ந்த பள்ளம் சுமார் 85 கி.மீ. அகலம், ஏறக்குறைய 4.8 கி.மீ. ஆழம். உருவாகி சுமார் 10.8 கோடி ஆண்டு ஆகிறது. நிலாவின் கணக்கில் அது நேற்றைய பள்ளம். சூரியன் ஏறும்போது முதலில் அந்த நடுமலையின் உச்சி மட்டும் இருட்டுக்குள் ஒற்றைப் புள்ளியாக எரியும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், புள்ளி பெருத்திருக்கும். கண்ணெதிரே வேறோர் உலகத்தில் பொழுது விடிவதைப் பார்க்கிறோம்.

திதிதான் வரைபடம்

எந்தப் பள்ளத்தில் எப்போது பொழுது விடியும்? வெளிநாட்டு ஆர்வலர்கள் இதற்குத் தனி அட்டவணையும் செயலியும் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அந்தக் கணக்கைத் தினமும் அச்சடித்துத் தருகிறது.

திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோண இடைவெளி. 12 பாகைக்கு ஒரு திதி. முழு வட்டத்துக்கு 30 திதி. நிலாவில் சூரியன் உதிக்கும் கோடு எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதை முடிவு செய்வதும் இதே இடைவெளிதான். அமாவாசைக்குப் பிறகு நிலாவின் கிழக்கு ஓரத்திலிருந்து கிளம்பும் அந்தக் கோடு, ஒவ்வொரு திதிக்கும் 12 பாகை மேற்கே நகர்கிறது. அஷ்டமியில் நிலா முகத்தின் நடுவை அடைகிறது. பௌர்ணமியில் மேற்கு ஓரத்தைத் தொட்டு மறைகிறது. நிலாவின் நடுக்கோட்டில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 15 கி.மீ.

ஆகவே வளர்பிறையின் மாலைகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பஞ்சமி, சஷ்டியில் தியோபிலஸ், சிரில்லஸ், கேதரினா என்று வரிசையாக நிற்கும் மூன்று பெரும் பள்ளங்கள். தியோபிலஸ் மட்டும் சுமார் 100 கி.மீ. அகலம். 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்கிய அமைதிக் கடலும் சஷ்டி வாக்கில்தான் விடியலைக் காண்கிறது. அஷ்டமியில் டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாசெல். இந்த மூன்றும் நிலா முகத்தின் நடுவில் வடக்கு தெற்காக அடுக்கிவைத்தது போல இருப்பதால் புதிதாகத் தொடங்குகிறவர் தேடித் திரிய வேண்டியதில்லை. அல்போன்சஸின் தரையில்தான் 1965 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ரேஞ்சர் 9 விண்கலம் படமெடுத்தபடியே மோதியது. நவமியில் தெற்கே டைக்கோ. அதற்கும் கீழே சுமார் 230 கி.மீ. அகலத்தில், உள்ளேயே வளைவாகச் சிறு பள்ளங்களை அடுக்கிவைத்திருக்கும் கிளேவியஸ். வடக்கே எரிமலைக் குழம்பு நிரம்பிக் கறுத்துப்போன பிளேட்டோ. தசமியில் கோபர்னிகஸ்: 93 கி.மீ. அகலம், படிக்கட்டுபோல் சரியும் உள்சுவர். துவாதசியில் நிலாவின் மிகப் பிரகாசமான பெரிய பள்ளமான அரிஸ்டார்க்கஸ். நிலா தன் முகத்தைச் சற்றே இடம் வலமாக அசைத்துக்கொள்வதால் இந்தக் கணக்கு சில மாதங்களில் முன்பின் ஆகலாம். காலண்டரில் திதி எத்தனை மணி வரை என்று போட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது மாலை நேரத்துத் திதி.

இந்தக் கணக்கு தமிழகத்தில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1825-ல் வெளிவந்த ‘காலசங்கலிதா’ நூலில் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கணிதர் காகிதம் தொடவில்லை. தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் நான்கு நிமிடம். கிரகணத்தின் நடுவிலும் முடிவிலும் பிழை கூடியது உண்மைதான். ஆனாலும் எழுதாமலே செய்த கணக்கு அது. அந்த மரபின் மிச்சம்தான் இன்று நாம் கிழித்துப்போடும் காலண்டர் தாள். தமிழ்ப் பிள்ளைகளின் கையில் நிலாவின் நேர அட்டவணை ஏற்கனவே இருக்கிறது. அதைக் கொண்டு நிலாவைப் பார்க்கச் சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

பத்துப் பாகையின் பரிசு

ஆலங்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. இதனால் நிலா எந்த மாதத்திலும் தன் உச்ச நேரத்தில் அடிவானத்துக்கு மேலே 50 பாகைக்குக் குறையாமல் ஏறிவிடும். தை, மாசியில் வளர்பிறை அரை நிலா ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்து நிற்கும். லண்டனில் சில ஆண்டுகளில் சில இரவுகளில் நிலா 10 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதே இல்லை. தாழ்ந்த நிலாவின் ஒளி கலங்கிய காற்றுப் படலத்தை நீண்ட தூரம் கடந்து வர வேண்டும். பள்ளத்தின் விளிம்பு கானல்நீர்போல் நெளியும். உயர்ந்த நிலாவின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. அடிவானத்திலிருந்து 10 பாகையில் இருக்கும்போது கடப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் தலைக்கு மேலே இருக்கும்போது கடக்கும் காற்று. இந்தப் பரிசுக்கு நாம் ஒரு பைசா கொடுக்கவில்லை.

அடுத்த வசதி கொல்லைப்புறம். தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு பத்து மணி வரை திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூடான காற்று தொலைநோக்கிக்கு முன்னால் எழும்பி நிலாவை நடுங்கவைக்கும். மண் தரை சீக்கிரம் ஆறும். புல் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டைச் சுற்றி மண்ணும் மரமும் உள்ள ஆலங்குடிப் பக்கத்து வீடுகள் இந்த வேலைக்கென்றே கட்டியது போல இருக்கின்றன. தென்னை மறைக்காத ஒரு மூலை போதும். நிலா உச்சியை விட்டு மேற்கே சற்றுச் சரிந்த பிறகு, ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை, கருவியைத் திருப்பவும் குனிந்து பார்க்கவும் வசதியாக இருக்கும்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் வானத்தை மூடும். மழை விட்ட தை முதல் பங்குனி வரை மூன்று வளர்பிறைகள் கிடைத்தால் அவற்றை விடக் கூடாது. மார்கழி, தையில் இரவுப் பனி கண்ணாடியில் படியும். துணியால் துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். குழாயைத் தரையை நோக்கிச் சாய்த்துவைத்தால் பனி தானே விலகும்.

கண்வில்லையும் கைபேசியும்

1609-ல் கலிலியோ நிலாவை நோக்கித் திருப்பிய கருவி சுமார் 20 மடங்கு பெரிதாக்கியது. அதைக் கொண்டே நிலாவில் மலையும் பள்ளமும் உண்டு என்று வரைந்து காட்டி, 1610-ல் நூலாக வெளியிட்டார். 1840-ல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளிப் பூச்சுத் தகட்டில் நிலாவைப் படம்பிடித்தபோது ஒளி பதிய 20 நிமிடம் பிடித்தது. இன்று நடுத்தரக் கைபேசி ஒன்றின் விலைக்குக் கிடைக்கும் 114 மில்லிமீட்டர் பிரதிபலிப்புத் தொலைநோக்கி கலிலியோவின் கருவியைவிடப் பல மடங்கு மேலானது. நல்ல காற்றில் நிலாவின் தரையில் சுமார் 2 கி.மீ. அளவுள்ள விவரத்தை அது பிரித்துக் காட்டும். நூறு கி.மீ. பள்ளங்கள் அதற்கு எளிய இரை.

தொலைநோக்கியை வெளியே வைத்ததும் படமெடுக்கத் தொடங்கக் கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர அரை மணி நேரமாவது வேண்டும். முதலில் 25 மில்லிமீட்டர் கண்வில்லையைப் போட்டு முழு நிலாவையும் பிடியுங்கள். பிறகு 10 மில்லிமீட்டருக்கு மாறுங்கள். 900 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள குழாயில் அது 90 மடங்கு பெரிதாக்கும். இப்போது வெறும் கண்ணால் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். குமிழை விரல் நுனியால் மெல்லத் திருப்பும்போது பள்ளத்தின் ஓரம் ஒரு கணம் கூர்மையாகி, தாண்டிப்போய் மங்கும். திரும்ப வாருங்கள். அந்தக் கூர்மையை இரண்டு பக்கமிருந்தும் தொட்டுப் பார்த்து நடுவில் நிறுத்துவதுதான் கைப்பழக்கம்.

அதற்குப் பிறகுதான் கைபேசி. கையில் பிடித்து எடுத்தால் நடுங்கும். கண்வில்லையில் மாட்டும் கைபேசிப் பிடிப்பான் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேமராவின் மையமும் கண்வில்லையின் மையமும் ஒரே கோட்டில் வந்தால் திரையில் வட்டமான ஒளி தோன்றும். கைபேசியின் கண்ணில் நிலாவைச் சுற்றியிருக்கும் கறுப்புதான் முதலில் படும். அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நிலா வெந்துபோன வெள்ளையாகும். திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். பகல்–இரவுக் கோட்டை ஒட்டிய சாம்பல் நிறம் தெரியும்வரை இழுக்க வேண்டும். ப்ரோ மோடு உள்ள கைபேசியில் ஐஎஸ்ஓ-வை 100-ல் வைத்து, ஒளிபடும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்கிலிருந்து தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். விரல் பட்ட அதிர்வு அடங்க, சில நொடி தாமதித்து எடுக்கும் டைமரைப் போடுவது நல்லது. பூமி சுழல்வதால் நிலா இரண்டு நிமிடத்தில் தன் விட்டம் அளவுக்கு நகர்ந்துவிடும். நிலாவை ஓர் ஓரத்தில் நிறுத்தி, அது நடுவைக் கடக்கும்போது எடுப்பது வழக்கம்.

ஓர் எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தகுந்த வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

ஆயிரம் படங்களில் நல்ல நூறு

ஒற்றைப் படத்தில் காற்றின் நடுக்கம் உறைந்துவிடும். அதனால் தேர்ந்தவர்கள் ஒளிப்படத்துக்குப் பதிலாக ஒரு நிமிட வீடியோ எடுக்கிறார்கள். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு நிமிடத்தில் 3,600 படங்கள். காற்று அமைதியாக இருந்த கணங்களில் விழுந்த நல்ல படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வேலையை ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் கணினியில் செய்துவிடும். அடுக்க அடுக்கப் புள்ளி இரைச்சல் குறைகிறது. அப்போதுதான் கூர்மையைக் கூட்ட முடியும்.

2021 மே மாதம் புனேயைச் சேர்ந்த 16 வயது மாணவர் பிரதமேஷ் ஜாஜு இதே வழியில் எடுத்த நிலாப் படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நிலாவைச் சிறுசிறு பகுதிகளாக வீடியோ எடுத்து, 50,000-க்கும் மேற்பட்ட படங்களிலிருந்து, 186 ஜிபி தரவிலிருந்து அந்த ஒரு படத்தைத் தைத்து எடுத்தார். அவர் எடுத்தது நகரத்திலிருந்து. பொறுமையும் முறையும் கைவந்தால் ஆலங்குடிப் பிள்ளைக்கு இதில் தடை எதுவும் இல்லை.

திருச்சிக்காரர் பெயரில் ஒரு பள்ளம்

நிலாவின் பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயரைச் சூட்டும் வழக்கத்தை 1651-ல் இத்தாலியின் ரிச்சியோலி நிலைநிறுத்தினார். இந்தியப் பெயர்களும் அங்கே உண்டு. ஜெகதீஷ் சந்திர போஸ், மேக்நாட் சாகா, ஹோமி பாபா ஆகியோரின் பெயர் தாங்கிய பள்ளங்கள் நிலாவின் மறுபக்கத்தில் இருப்பதால் பூமியிலிருந்து தெரியாது. மூன்று அறிஞர்களின் பெயர்கள் நம் தொலைநோக்கிக்கு எட்டும் முன்பக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது ஆரியபட்டா. அமைதிக் கடலின் கிழக்கே, 22 கி.மீ. அகலம். எரிமலைக் குழம்பில் மூழ்கிப்போய், கரையின் ஒரு பக்கம் மட்டும் வளைவாக வெளியே நிற்கிறது. பஞ்சமி மாலையில் தேடலாம். இரண்டாவது விக்ரம் சாராபாய். மாரே செரினிடாட்டிஸ் என்ற கருஞ்சமவெளியில், பெசல் பள்ளத்துக்கு வடகிழக்கே 8 கி.மீ. அகலக் கிண்ணம். 1973-ல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. சஷ்டி முடிந்து சப்தமி பிறக்கும் வேளையில் அதன் நிழல் தெளிவாக விழும்.

மூன்றாவது சர் சி.வி.ராமன். 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தவர். ஆலங்குடி உள்ளிட்ட புதுக்கோட்டைப் பகுதி 1974-ல் தனி மாவட்டமாகும்வரை இருந்தது அதே திருச்சி மாவட்டத்தில்தான். ஒளி சிதறும் விதத்தைக் கண்டறிந்து 1930-ல் நோபல் பரிசு பெற்றவரின் பெயர், அரிஸ்டார்க்கஸ் மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சுமார் 10 கி.மீ. பள்ளத்துக்கு 1976-ல் வைக்கப்பட்டது. நிலாவின் ஓரத்தை நெருங்கிய இடம் என்பதால் ஒடுங்கித் தெரியும், எளிதில் பிடிபடாது. அங்கே சூரியன் உதிப்பது வளர்பிறைத் திரயோதசியில். ஊரெல்லாம் பிரதோஷத்துக்குச் சிவன் கோயிலில் கூடும் அதே மாலை. கோயிலிலிருந்து திரும்பிய பிறகு கிழக்கு வானில் ஏறிவரும் நிலாவில் ராமன் பள்ளத்தைப் படமெடுத்துவிடும் மாணவரை, நிலாப் படமெடுப்பில் தேறியவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

எடுத்த படத்தைக் குழுவில் பகிர்ந்து, பாராட்டு வாங்கியதோடு நிறுத்திவிடக் கூடாது. அதில் கணக்கு இருக்கிறது. நிலாவின் விட்டம் 3,474 கி.மீ. உங்கள் படத்தில் அது எத்தனை புள்ளி அகலம் என்று எண்ணினால் ஒரு புள்ளி எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்துவிடும். அரை நிலா நாளில், இருட்டுக்குள் தனியாக எரியும் ஒரு மலையுச்சி பகல்–இரவுக் கோட்டிலிருந்து 100 கி.மீ. தள்ளி இருப்பதாக அளந்தீர்கள் என்று வையுங்கள். நூறை நூறால் பெருக்கி 3,474-ஆல் வகுங்கள். விடை சுமார் 2.9 கி.மீ. அந்த மலையின் உயரத்துக்கு அது நல்ல மதிப்பீடு. கலிலியோ கையாண்ட வழி இதுதான். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொல்லைப்புறத்தில் நின்று வேறோர் உலகத்து மலைக்குப் போட்டுப்பார்ப்பதைவிட நல்ல கணக்கு வகுப்பு வேறு இல்லை.

படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு என்ன சக்தி உண்டு என்பதை ஒரு தமிழர் உலகுக்குக் காட்டினார். 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்குகலம் தொடர்பிழந்து விழுந்தது. நாசாவின் எல்ஆர்ஓ சுற்றுக்கலம் எடுத்த படங்கள் அந்த மாதமே பொதுவெளிக்கு வந்தன. சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், விபத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்து, இரவுகளில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளி கண்ணில் பட்டது. நாசாவுக்கு எழுதினார். அது விக்ரமின் உடைந்த துண்டுதான் என்று டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி உறுதிசெய்தது. எந்த விண்வெளி அமைப்பிலும் அவர் வேலை பார்க்கவில்லை. உற்றுப் பார்த்தார், ஒப்பிட்டார். கிண்ணக்குழிகளை மாதாமாதம் படமெடுக்கும் பிள்ளைக்குக் கைவரும் பழக்கமும் இதுதான்.

உங்கள் படத்தில் வெளிறித் தெரியும் நிலாவின் மேட்டுநிலப் பாறை அனார்த்தோசைட் வகை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான் தரையிறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க அந்த மண்ணைத்தான் இஸ்ரோ எடுத்துச்சென்றது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு நிலாவின் தென்பகுதியில் இறங்கியது. அன்று வளர்பிறை சப்தமி. இறங்கிய இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஒரு முழுப் பகலுக்கும் சூரிய ஒளி கிடைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த நேரம். அந்த இடம் மான்சினஸ் என்ற சுமார் 98 கி.மீ. பள்ளத்துக்கு அருகில் இருக்கிறது. சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்குகலம் பூமியிலுள்ள எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாது. மான்சினஸ் தெரியும். சப்தமி, அஷ்டமியில் நிலாவின் தென்கோடியைப் படமெடுத்து, “நம்ம ஆளு இறங்குன இடம் இந்தப் பக்கம்தான்” என்று பாட்டிக்குக் காட்டலாம்.

ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது

2019 டிசம்பர் 26 காலை, புதுக்கோட்டை மாவட்டம் கங்கண சூரிய கிரகணத்தின் பாதையில் இருந்தது. சூரியன் வளையமாக மாறியதை இந்த மாவட்டத்தில் பலர் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அப்படியொரு கிரகணம் ஒரே ஊருக்குத் திரும்ப வரத் தலைமுறைகள் ஆகும். வளர்பிறை அரை நிலா மாதம் தவறாமல் வருகிறது. ஒரு நாள் வேடிக்கையாக முடிந்துவிடும் வானியலைப் பழக்கமாக மாற்ற வேண்டுமானால் நிலாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கான அமைப்புகள் நம்மிடம் இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல ஆண்டுகளாகத் தெருமுனைகளில் வான்நோக்கு நிகழ்ச்சிகளை நடத்திவருகிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் சாலையில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. குறை எங்கே என்றால், அறிவியல் வகுப்பு மாலை நாலரைக்கு முடிந்துவிடுகிறது. நிலா அதற்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது.

ஆலங்குடிப் பக்கத்துத் திருவரங்குளம் ஒன்றியத்தில் இருக்கும் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்றியத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்குங்கள். பள்ளிக்குப் பள்ளி மாற்றிக் கொடுங்கள். மாதம் ஒரு மாலை, பிள்ளைகள் பெற்றோரோடு வந்து பார்க்கட்டும். பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகு வீடு திரும்ப ஊரே பொறுப்பேற்கட்டும். பிள்ளைகள் எடுத்த படங்களை அச்சிட்டு, தேதியும் திதியும் பள்ளத்தின் பெயரும் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். ஓர் ஆண்டில் அந்தச் சுவரில் ஒரு நிலா வரைபடம் முழுமையாகிவிடும்.

பள்ளிக்கு நன்கொடை தர நினைக்கும் வெளிநாட்டு ஆலங்குடிக்காரர்கள், மின்விசிறியோடும் நாற்காலியோடும் ஒரு நான்கரை அங்குலத் தொலைநோக்கியையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்கனவே ஒன்று அலமாரியில் பூட்டிக்கிடக்கிறது என்றால், ஆசிரியப் பெருமக்களே, இந்த வளர்பிறையில் அதை வெளியே எடுங்கள்.